ஆற்றுக்குப் பத்தியம்

எங்கள் வீட்டில் வேறு எதற்குப் பஞ்சம் வந்தாலும் மீனுக்கு வந்ததில்லை. அப்பா மதகுக்காரர். கிள்ளானுக்குத் தெற்கே, கடலை ஒட்டி இருந்த ஒரு தோட்டத்தில் அவருக்கு அந்த வேலை. கடல் ஏறும்போது மதகுப் பலகையை இறக்க வேண்டும். வற்றும்போது தூக்க வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ளே வந்தால் ரப்பர் கன்று கருகிவிடும். உள்ளே தேங்கிய மழைத் தண்ணீர் வெளியே போகாவிட்டால் அழுகிவிடும். கடலுக்கு ராத்திரி பகல் தெரியாது என்பதால் அப்பாவுக்கு முழுத் தூக்கம் என்று ஒன்று கிடையாது. சோற்றை வாயில் வைத்துக்கொண்டே கண்ணயர்ந்துவிடுவார். கண் எப்போதும் சிவந்திருக்கும். நடக்கும்போது சில சமயம் கால் பின்னிக்கொள்ளும். ஆனால் அவர் வேலையில் ஒரு நாள்கூடப் பிசகியதில்லை என்று தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியே சொல்வார்.

மதகு நின்ற சிற்றாற்றின் பெயரைத் தோட்டத்தில் யாரும் சொல்வதில்லை. மலாயில் ஆற்றுக்குச் சுங்கை என்று பெயர்; எங்களுக்குச் சுங்கை என்றால் அதுதான். மதகு கட்டுவதற்கு முன்னால் கடல் மீன்கள் ஏற்றத்தோடு சேர்ந்து சுங்கைக்குள்ளே வெகுதூரம் போகுமாம். நான் பிறந்தபோதே மதகு இருந்தது. மீன்களுக்கு அது தெரியாது போலிருக்கிறது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் வந்து பலகையில் முட்டிக்கொண்டு நிற்கும். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஆட்கள் மூங்கில் கூடையை எடுத்துக்கொண்டு போய் அள்ளிக்கொண்டு வருவார்கள். தூண்டில் வேண்டாம், வலை வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கெளுத்திதான் வரும். மதகுக்காரர் வீடு என்பதால் எங்களுக்கு முதல் கூடை. சினைக் கெளுத்தியைப் புளிவிட்டு வைத்து, சினையை மட்டும் தனியாக எடுத்து எனக்கு ஊட்டுவாள் அம்மா. அவளுக்கும் அதுதான் உயிர்.

அந்த வருஷம் ரப்பர் விலை விழுந்து கிடந்தது. பக்கத்துத் தோட்டங்களில் ஆட்களை நிறுத்தி, கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் லயத்திலும் அடுத்தது யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்போது மாசமாக இருந்தாள். கூடமாட இருப்பதற்கு அப்பாவின் தங்கை, என் அத்தை, பூச்சோங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம், கையும் நல்ல வேகம். இரண்டுமே அந்த நேரத்தில் எங்கள் வீட்டுக்குத் தேவையாக இருந்தன.

ஒரு காலையில் என்னைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தபோது அம்மாவின் வயிறு இறங்கியிருந்தது. தொட்டில் கட்ட எடுத்து வைத்த சேலை மடித்தது மடித்தபடியே கிடந்தது. பாப்பா எங்கே என்று கேட்டேன். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்றாள் அத்தை. நான் நம்பினேன். அதன் பிறகு யார் கிள்ளானிலிருந்து வந்தாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன்.

அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் பெரியவர்கள் நினைத்தார்கள். ஒரு நாள் அப்பா கொண்டுவந்த கெளுத்தியை அவளே அரிவாள்மணையில் வைத்து அறுத்தாள். வயிற்றைக் கிழித்ததும் மஞ்சளாகச் சினை மணையெல்லாம் வழிந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையைக்கூடக் கழுவாமல் எழுந்துபோய்ப் பாயில் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பேசவில்லை. ஊட்டினால் இரண்டு வாய் வாங்குவாள். மூன்றாவது வாய்க்கு உதட்டை மூடிக்கொள்வாள். கண் திறந்திருக்கும். எங்களைப் பார்க்காது.

தோட்டத்து டிரசர் நல்ல மனுஷர். மலையாளி. தினமும் வந்து நாடி பார்த்தார், கசப்பு மருந்து கொடுத்தார், கடைசியில், உடம்பில் நோய் எதுவும் தெரியவில்லையே என்று அவரே கவலைப்பட்டார். மாரியம்மன் கோயில் பூசாரி திருநீறு போட்டுத் தாயத்து கட்டினார். அத்தை மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டாள். அப்பா மதகுக்கும் வீட்டுக்கும் நடந்தார். வீட்டுக்கு வந்தால் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். அந்த வீட்டில் அப்போது படுத்திருந்தவளும் உட்கார்ந்திருந்தவரும் நின்றுகொண்டிருந்தவளும் எல்லோருமே களைத்துப் போயிருந்தார்கள். எனக்கு மட்டும்தான் பசித்தது.

எங்களுக்கு நண்டு கொண்டுவரும் பெண் ஒருத்தி இருந்தாள். சுங்கை கடலில் சேரும் இடத்தில், பாக்காவ் என்னும் அலையாத்தி மரங்களுக்கு நடுவே, அவளுடைய ஆட்களின் குடிசைகள் இருந்தன. நாங்கள் இந்த மண்ணுக்கு வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அவர்கள் அங்கே இருந்தார்கள். தோட்டத்தில் அவர்களை ஒரு பெயர் சொல்லி அழைப்பார்கள். அதற்கு என்ன பொருள் என்று பிறகு தெரிந்துகொண்டதிலிருந்து நான் அதைச் சொல்வதில்லை. அவர்கள் தங்களை மா மெரி என்று சொல்லிக்கொள்வார்கள். நண்டுக்காரியை அம்மா மலாயில் அக்கா என்ற பொருளில் 'காக்கா' என்பாள். எனக்கு அது காக்கையாகத்தான் கேட்கும். ஒரு மனுஷியைக் காக்கா என்று கூப்பிடுகிறாளே, அவளும் சிரித்துக்கொண்டே வருகிறாளே என்று எனக்கு வெகுநாள் வேடிக்கையாக இருந்தது.

அந்த வாரம் காக்கா நண்டோடு வந்து வாசலில் நின்றாள். நண்டு வேண்டாம் என்று அத்தை கையை ஆட்டினாள். காக்கா போகவில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து அம்மாவின் பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். அம்மாவின் முந்தானை ஈரமாக இருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். பால் கட்டியிருந்தது. தன் இடுப்பிலிருந்த துணியை அவிழ்த்து, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அம்மாவின் மார்பில் போட்டாள்.

அப்பா வந்ததும் காக்கா எழுந்து மலாயில் அவரோடு பேசினாள். தன் புருஷன் இப்படிப்பட்டவர்களைப் பார்ப்பான், கூட்டிக்கொண்டு வா என்றாளாம்.

"அவங்க பேய்க்கு ஆடுறவங்கண்ணே," என்றாள் அத்தை. "நம்ம ஆளுங்க என்ன சொல்லுவாங்க?"

"நம்ம ஆளுங்க சொன்னதையெல்லாம்தான் செஞ்சு பாத்தாச்சே," என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கு அவரிடம் தெம்பு இல்லை.

மறுநாள் வற்றத்துக்கு மதகைத் தூக்கிவிட்டு, காக்காவின் சம்பானில் அம்மாவை ஏற்றிக்கொண்டு போனோம். அத்தை வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, படகு நகரும்போது ஓடிவந்து ஏறிக்கொண்டாள்.

வைத்தியர் என்றதும் நான் தாடியும் சடையுமாக ஒருவரை நினைத்திருந்தேன். அங்கே போனால் ஒரு மெலிந்த மனிதர் குடிசையில் சுருண்டு படுத்து நடுங்கிக்கொண்டிருந்தார். மலேரியாக் காய்ச்சல். வந்த இடத்தில் வைத்தியருக்கே வைத்தியம் வேண்டியிருந்தது. அப்பா வேட்டி மடிப்பிலிருந்து டிரசர் கொடுத்திருந்த கொய்னா மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார். அவர் மறுக்கவில்லை. வாங்கி விழுங்கிவிட்டு, முகம் கோணி, எங்களைப் பார்த்துச் சிரித்தார். அத்தைக்கு அவர் மேலிருந்த பயம் அந்தச் சிரிப்பில்தான் போனது.

நடுக்கம் அடங்கும்வரை காத்திருந்தோம். அங்கிருந்த பெண்கள் நீப்பா என்னும் நீர்ப்பனை ஓலையை மடித்துப் பூவும் பறவையும் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு பறவை கொடுத்தார்கள். அம்மாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கைக்குழந்தையை மடியிலிருந்து இறக்கிப் பின்னால் அனுப்பிவிட்டாள். அம்மாவின் கண்ணில் அது படக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. அம்மா அங்கே அப்படியே சாய்ந்து தூங்கிப்போனாள். பல நாளைக்குப் பிறகு அவள் கண் மூடியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவள் விழித்ததும் வைத்தியர் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தார். தேங்காய்ச் சிரட்டையில் சாம்பிராணி மாதிரி ஏதோ புகைந்தது. அவர் கேட்டதை அப்பா தமிழில் சொல்ல, அம்மா பதில் சொல்லாததால் அப்பாவே பதிலும் சொன்னார். என்ன சாப்பிட்டாள், எந்த மீன், எந்த இடத்தில் பிடித்தது என்றெல்லாம் கேட்டார். மதகடியில் என்று அப்பா சொன்னபோது வைத்தியர் கண்ணை மூடிக்கொண்டார். நெடுநேரம் பேசினார். அப்பா கேட்டுவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார்.

"மதகு இருக்குற எடத்துக்கு மேல ஆறு வளையுதில்ல, அந்த வளைவ இவங்க குடும்பந்தான் காவல் காத்துச்சாம். மீனு சினையோட ஏறுற மாசத்துல அங்க யாரும் கூடு வைக்கக்கூடாது, வலை போடக்கூடாது. எவ்வளவு பசின்னாலும் கூடாது. முட்டை போட்டுட்டு எறங்குன பொறவுதான் பிடிப்பாங்களாம். மதகு வந்த பொறவு வளைவுக்கு மீனே போகல. காவல் காக்க ஒண்ணுமில்ல. துரைகிட்ட கேட்டுக் கேட்டு அலுத்துட்டாராம்."

வைத்தியர் மறுபடி ஏதோ சொன்னார். அப்பா கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் சொன்னார்.

"நம்ம சுங்கைக்கு வெளிய விடுற மூச்சு மட்டுந்தான் இருக்காம். உள்ள வாங்குற மூச்சு இல்லையாம். அப்படிப்பட்ட தண்ணிக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு ஒருத்திக்கு மட்டும் குணம் பண்ண முடியாதுங்கிறாரு. ஒரு பெரிய ஏத்தத்துக்கு மதகைத் தூக்கணும். மீனு மேல போகணும். அது திரும்பி எறங்குற வரைக்கும் அவங்களும் தொடக்கூடாது, நாமளும் தொடக்கூடாது. அந்த ஏத்தம் வத்தும்போதுதான் இவளோட நோயைக் கடலுக்கு அனுப்ப முடியுமாம்."

அத்தை வாயைப் பிளந்தாள். அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

"எந்த வைத்தியரும் நோயாளிக்குத்தான் பத்தியம் சொல்லுவாரு. இவரு ஆத்துக்குச் சொல்றாரு."

திரும்பி வந்த மறுநாள் அப்பா கிராணியிடம் போனார். ஒரே ஒரு ஏற்றத்துக்கு மதகைத் திறந்துகொள்ளத் துரையிடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றார். கிராணி பதறிப்போனார். பதினைந்து ஆட்களை நிறுத்துவதற்குத் துரை பெயர் தேடிக்கொண்டிருக்கிறார், நீயாகவே போய் உன் பெயரைக் கொடுக்காதே என்றாராம். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆற்று முகத்தில் இருக்கிறவர்கள் சொல்லித்தானே கேட்கிறாய் என்றாராம். அந்தக் குடிசைகள் இருக்கும் நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்று துரைக்கு ஒரு எண்ணம். இன்னொரு முறை மதகைப் பற்றிப் பேசினால் குடிசையைப் பிரித்து எறிவேன் என்று அவர்களிடம் அவர் முன்பே சொல்லியிருந்தார். அப்பா இதையெல்லாம் அத்தையிடம் சொல்லும்போது நான் அவர் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தேன். எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி, அப்பா மதகைத் திறக்கப்போவதில்லை என்பது.

அம்மா வீட்டுக்கு வந்ததும் பழையபடி படுத்துக்கொண்டாள். இப்போது இரண்டு வாயும் வாங்கவில்லை.

கடல் பெரிதாக ஏறும் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. துரை கிள்ளானுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு லயத்தில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் கள்ளுக்கடையில் இருப்பார்கள். அப்பா சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல மதகுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று, "அவளையும் கூட்டிக்கிட்டு வா," என்று அத்தையிடம் சொன்னார். அத்தை எதற்கு என்று கேட்கவில்லை. அவள் எதையும் கேட்காமல் இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

கரையில் அம்மாவை ஒரு சாக்கை விரித்து உட்கார வைத்தோம். கடல் ஏறிக்கொண்டிருந்தது. கீழே பலகைக்கு வெளியே தண்ணீர் கறுத்துக் கொதிப்பது போலத் துடித்தது. எல்லாம் மீன். அப்பா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறக்குவதற்குத்தான் அந்த நேரத்தில் அவர் சங்கிலியைத் தொடுவார். அன்று இரண்டு கையாலும் இழுத்து, பலகையை மேலே ஏற்றி, ஆப்பு வைத்தார். பிறகு கரையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

தண்ணீர் உள்ளே புகுந்த சத்தத்தை என்னால் சொல்ல முடியாது. அதுவரை அந்த மதகில் தண்ணீர் போகிற சத்தத்தை மட்டுமே கேட்டிருந்தேன். வருகிற சத்தம் வேறு. ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கெளுத்திகள் போயின. இறால்கள் துள்ளின. பெயர் தெரியாத வெள்ளி மீன்கள் சேற்றுத் தண்ணீரில் மின்னி மறைந்தன. சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். பிறகு ஒருவர் ஓடிப்போய்க் கூடையோடு வந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கூடையோடு வந்தார்கள்.

அப்பா ஒரு கழியை எடுத்துக்கொண்டு மதகின் வாயில் போய் நின்றார். "இன்னைக்கு வேணாம்பா," என்றார். அவர்கள் சிரித்தார்கள். மதகுக்காரர் தனக்கென்று முழுவதையும் ஒதுக்கிக்கொள்கிறார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அப்பாவின் தோளைத் தள்ளினார். மெலிந்த மனிதர், தூக்கமில்லாதவர், கழியை ஊன்றிக்கொண்டுதான் நின்றார் என்று தெரிந்தது. வேறொருவர் அதற்குள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஒரு கூடை அள்ளிவிட்டார். கூடை நிறைய வயிறு புடைத்த கெளுத்திகள்.

அப்போது அம்மா சாக்கிலிருந்து எழுந்தாள். அத்தை பிடிக்கப் போனாள், பிடி கொடுக்கவில்லை. நேராக நடந்துபோய், அந்த ஆள் கரையேறும் இடத்தில், சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சினையா இருக்குண்ணே," என்றாள். "விட்டுருங்க."

குரல் கரகரவென்று யாருடைய குரலோ மாதிரி வந்தது. அவர் அவளைப் பார்த்தார். அந்த லயத்தில் அம்மாவின் கதை தெரியாதவர்கள் இல்லை. அவர் வீட்டிலும் இரண்டு சின்னக் குழிகள் வெட்டியிருந்தார்கள் என்று அத்தை பிற்பாடு சொன்னாள். அவர் திரும்பி, கூடையைத் தண்ணீரில் கவிழ்த்தார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். போகவும் இல்லை, அள்ளவும் இல்லை. கரையில் உட்கார்ந்து மீன் போவதைப் பார்த்தார்கள். ஒருவர் வெற்றிலைப் பையை எடுத்து அப்பாவுக்கும் கொடுத்தார்.

வெயில் சாய்ந்து தண்ணீர் ஏறுவது நின்றபோது சம்பான்கள் வந்தன. அப்பா முன்பே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்: வைத்தியர், காக்கா, இன்னும் சிலர். காய்ச்சல் விட்டிருந்தாலும் வைத்தியரை இருவர் தாங்கிக்கொண்டுதான் கூட்டி வந்தார்கள். கையில் வெள்ளை மரத்தில் செதுக்கிய ஒரு சின்ன உருவம் இருந்தது. முகம் மட்டும்தான் முழுதாக இருந்தது. அதை அம்மாவின் தலையிலிருந்து கால்வரை மெல்லத் தடவி இறக்கினார். பெண்கள் மூங்கில் துண்டுகளைக் கரையில் குத்தித் தாளம் போட்டுத் தாழ்ந்த குரலில் பாடினார்கள். உற்சாகமான பாட்டு இல்லை. நடவுக்காரிகள் வேலை முடிகிற நேரத்தில் பாடுவார்களே, அப்படி இருந்தது. நீப்பா ஓலையில் முடைந்த ஒரு சின்னப் படகில் உருவத்தைப் படுக்க வைத்து, பக்கத்தில் ஓலைப் பூக்களை வைத்தார்கள்.

நான் எட்டிப் பார்த்தேன். "இதுதான் பாப்பாவா?" என்று கேட்டேன்.

அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். அம்மா அவள் கையை விலக்கிவிட்டு, என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இல்லடி. பாப்பா செத்துப்போச்சு. இனிமே வராது."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். வாய்விட்டு, சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். யாரும் அவளைச் சமாதானப்படுத்தவில்லை. காக்கா மட்டும் மூங்கிலைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டாள். நானும் அழுதேன். பாப்பாவுக்காக அழுதேனா, கிள்ளுப்பட்ட இடம் வலித்ததற்காக அழுதேனா, நினைவில்லை. தண்ணீர் திரும்பியது. ஓலைப் படகு மதகைத் தாண்டி, ஆற்று முகத்தை நோக்கி, ஆடிக்கொண்டே போனது.

அன்று ராத்திரி அம்மா கஞ்சி குடித்தாள். போதும் என்று அவளே சொல்லும்வரை குடித்தாள்.

ஒரு ஏற்றத்தில் ஒரு ஆறு குணமாகுமா, ஒரு மரப் பொம்மையில் ஒருத்தியின் நோய் ஏறிப்போகுமா என்று இப்போது என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. உப்புத் தண்ணீர் தாழ்வான இடத்தில் இருந்த ரப்பர் கன்றுகளுக்குள் ஏறிவிட்டது மட்டும் மறுநாள் எல்லோருக்கும் தெரிந்தது. துரை குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி வைத்து, அப்பாவை முன்னால் கூப்பிட்டார்கள். துரை ஆங்கிலத்தில் கேட்க, கிராணி அதைத் தமிழில் திருப்பிக் கேட்டார்.

"ஆத்து மொகத்துல இருக்கிறவங்க சொல்லித்தானே தொறந்தே? உண்மையைச் சொன்னா ஒனக்கு வேலை இருக்கும். அவங்களைத் துரை பாத்துக்குவாரு."

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இல்லீங்க. கள்ளு குடிச்சிருந்தேன். பலகையை எறக்காம தூங்கிட்டேன்."

கிராணி அதை உடனே துரையிடம் சொல்லவில்லை. லயத்து ஆட்களைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கரையில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். கூடையைக் கவிழ்த்தவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"ஆமாங்க. நல்லாக் குடிச்சிருந்தாரு. நாங்கதான் தூக்கிக்கிட்டுப் போய் வீட்டுல போட்டோம்."

நான் அத்தையின் சேலையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் நின்று இதைக் கேட்டேன். எனக்குத் திகைப்பாக இருந்தது. அப்பா தூங்காமல் நின்றதை நான் பார்த்திருந்தேன். ஆனால் அப்பா பொய் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. அவர் கண் சிவந்திருந்தது. கால் பின்னிக்கொண்டது. ஆக, என் கண்ணில் படாமல் எப்போதோ குடித்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். கண்ணால் பார்த்ததைவிட அப்பா சொன்னது எனக்குப் பெரிதாக இருந்தது.

அந்த வாரமே லயத்தைக் காலி செய்தோம். கப்பலுக்கு அனுப்பாமல் விட்டதே கிராணியின் தயவு என்றார் அப்பா. கிள்ளானில் ரயிலேறி, கோலாலம்பூருக்கு வந்து, பிரிக்பீல்ட்ஸில் அத்தைக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக ஒரு அறை பிடித்தோம். அப்பாவுக்கு ரயில் பாதையில் கட்டை தூக்கும் வேலை கிடைத்தது. பகல் வேலை. ராத்திரி முழுக்கத் தூங்கலாம் என்று மற்றவர்கள் அதிர்ஷ்டம்போலச் சொன்னார்கள். அப்பாவுக்கோ பழக்கமில்லை. ஏற்றத்தின் நேரத்துக்கு விழித்துக்கொண்டு, மதகு இல்லாத அறையில் உட்கார்ந்திருப்பார்.

எங்களுக்கு முன்பே எங்கள் கதை பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தது. குடித்துவிட்டுத் தோட்டத்தையே மூழ்கடித்தவர் என்று அப்பாவுக்குப் பெயர். சம்பள நாளில் கூட்டாளிகள் கள்ளுக்கடைக்குக் கூப்பிட, அவர் வேண்டாம் என்பார். பட்டுத் திருந்திய மனுஷன் என்று அதற்கும் மெச்சுவார்கள். தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் என் முன்னால் தள்ளாடி நடந்து காட்டுவார்கள். நான் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்துவிடுவேன்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை நானே கோயிலுக்குப் போனேன். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு போய் அம்மன் முன்னால் வைத்து, அப்பா இனிமேல் குடிக்கக்கூடாது, குடிக்காமலிருந்தால் ஆடியில் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தபோது, திருநீற்றை அவர் நெற்றியில் பூசி, விஷயத்தையும் சொல்லிவிட்டேன். வேண்டுதல் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்தால்தானே நடக்கும்.

அப்பா துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலைமேல் கையை வைத்தார்.

"சரிம்மா. இனிமே ஒரு சொட்டுத் தொடமாட்டேன். சத்தியம்."

அடுப்படியில் இருந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு திரும்பி நின்றாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளைப் பார்த்து அப்பாவும் சிரிக்கத் தொடங்கினார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. வேண்டுதல் இவ்வளவு சீக்கிரம் பலித்துவிட்ட சந்தோஷத்தில் நான் கேட்கவும் இல்லை. தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். ஆடி மாசத்துக்கு இன்னும் நாள் இருந்தது.